வெறும் தட்டு

காய்ச்சல் வருவதற்கு முன் சில்லு என்னிடம் கடைசியாகக் கேட்டது நாலு கிலோ உடைத்த ஐஸ்.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கேன்களைத் தூக்கிச் சாதாத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நிமிடம் முக்கினால்தான் உள்ளே உறைந்த கட்டி ஓரம் விட்டு, கேனைக் கவிழ்த்ததும் வழுக்கிக்கொண்டு வரும். பின்பக்கத் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். பள்ளிச் சீருடை, தோளில் பை, கையில் அவள் அம்மாவின் நீல ஐஸ் பெட்டி. பாவாடை ஓரமெல்லாம் புல்விதை ஒட்டியிருந்தது.

"அப்பா, நாலு கிலோ. நல்லாப் பொடியா. போன தடவை கருங்கல் ஜல்லி மாதிரி குடுத்துட்டீங்கன்னு அம்மா திட்டுறாங்க."

"உங்கம்மாகிட்டச் சொல்லு, இது ஐஸ் கம்பெனி, சர்க்கரை ஆலை இல்லைன்னு."

"நீங்களே சொல்லுங்க. எனக்கு ராத்திரி சோறு வேணும்."

எங்கள் கம்பெனி மேஸ்திரி சிரித்தார். சில்லு என்று பெயர் வைத்தவர் அவர்தான். மூன்று வயதில் அவளை ஒருநாள் இங்கே தூக்கி வந்தபோது, தரையில் கிடந்த ஐஸ் சில்லு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பல் கிட்டியும் துப்ப மறுத்துவிட்டாள். பதினாறு வயதிலும் வீட்டிலும் தெருவிலும் அதுவே பெயர்.

"என்ன சில்லு, இன்னிக்கும் உங்கம்மா கிருமிக்குக் குளிர் காட்டப் போறாங்களா?"

"இன்னிக்கு எங்க கிளாஸ் மாமா. இவ்வளவு நாளா மத்த ரெண்டு பிரிவுக்கு. இன்னிக்குத்தான் நாங்க."

"பாத்தும்மா. எங்க ஐஸ்லயே படுத்துப் பழகிட்டு அதுங்களும் போனஸ் கேக்கப் போவுது."

நான் ஒரு கட்டியை இயந்திரத்தில் போட்டுப் பொடித்துப் பெட்டியில் கொட்டினேன். அவள் ஒரு பிடி அள்ளி மேஸ்திரியின் கழுத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு, வந்த வழியே ஓடினாள்.

பின்பக்கமாக வரச் சொன்னது நான்தான். முன்வாசலில் எந்நேரமும் லாரிகளைப் பின்னால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டுகிறவனுக்குப் பெட்டி தூக்கி வரும் பெண்பிள்ளை தெரியாது. பின்னால் ஒரு காலி மனை. மழைக்கு இடுப்பளவு புல்லும் புதரும் மண்டியிருந்தது. நடுவே கால்பட்ட தடம் ஒன்று. பள்ளியில் பாடம் நடந்த மூன்று செவ்வாய்க்கிழமையும் அதன் வழியாகவே வந்துபோனாள்.

அன்று பெட்டியின் மூடியை மறந்துவிட்டுப் போனாள். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, மூடியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அதனால்தான் என் மனைவி பாடம் நடத்துவதை நான் பார்க்க முடிந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை.

அவள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். பன்னிரண்டு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவி, கிருமி வளர்க்கும் தட்டுகளுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றிப் பழகியவள். பெரிய படிப்பு இல்லை. ஆனால் கைச்சுத்தம் அப்படி. எங்கள் வீட்டில் பால் குண்டானைக்கூட அவள் கழுவினால்தான் கழுவியது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த நிலையம் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு கிருமியின் குணத்தை மாற்றுகிற புதுப் படிப்பைக் காட்ட வேண்டும் என்று ஒரு பெட்டி தயாரித்தது. விஞ்ஞானிகள் முதலில் தாங்களே போய்ப் பேசிப் பார்த்தார்கள். பிள்ளைகள் தூங்கினார்கள். பிறகு இவளை அனுப்பினார்கள். பள்ளிக்கூடங்களில் இவளுக்குப் பொட்டி டீச்சர் என்று பெயர்.

நான் போனபோது வகுப்பில் நாற்பது பேரும் பெஞ்சில் இல்லை, பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"ஜெல்லி மீன் பாத்திருக்கீங்களா? அதுல ஒரு வகை வெளிச்சம் விடும். எப்படி விடுதுன்னு அதோட உடம்புல ஒரு இடத்துல எழுதியிருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, சின்ன வளையம் மாதிரி ஒண்ணுல கோத்து வெச்சிருக்கோம். இந்தக் குழாய்ல இருக்கிறது கிருமி. அப்பாவி. வீட்டுப் பூனைக்கும் காட்டுப் புலிக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் சீக்குக் கிருமிக்கும் இதுக்கும். இப்ப வளையத்தை இதுக்குள்ள அனுப்பணும். எப்படி அனுப்புவீங்க?"

"வாயைத் திறக்கச் சொல்லுவோம் டீச்சர்."

"அதுக்கு வாய் இல்லைடா. உனக்கு மட்டும்தான் அவ்வளவு பெருசா இருக்கு."

வகுப்பு ஒரே சிரிப்பு. ஐஸில் பத்து நிமிடம், நாற்பத்திரண்டு டிகிரி வெந்நீரில் ஐம்பது விநாடி, திரும்பவும் ஐஸ். குளிரிலிருந்து சூடு, சூட்டிலிருந்து குளிர் என்று போகும்போது கிருமியின் தோல் கொஞ்சம் இளகும், வளையம் நுழைந்துவிடும் என்றாள். நாற்பது பேரும் ஒன்றாக விநாடி எண்ணினார்கள். என் ஐஸ் நன்றாகவே பொடிந்திருந்தது.

"இதைத் தட்டுல தடவப் போறோம். தட்டுல ஆம்பிசிலின்னு ஒரு மருந்து கலந்திருக்கு. சாதாக் கிருமி செத்துப்போகும். வளையம் கிடைச்சது மட்டும் பிழைக்கும், மருந்தைத் தாங்குற இன்னொரு வரியும் அதுல இருக்கு. வியாழக்கிழமை புற ஊதா டார்ச் அடிச்சுப் பாத்தா, பிழைச்சதெல்லாம் பச்சையா மின்னும்."

"டீச்சர், இதை எங்க கணக்கு வாத்தியாருக்குள்ள போட்டா, தூரத்துல வரும்போதே தெரிஞ்சிருமா?"

"அவருக்கு வளையம் ஏறாது. தோல் கெட்டி."

பிறகு கேட்டாள், உங்களுக்கு ஓர் உயிரைப் பழக்கிவிட முடிந்தால் எதற்குப் பழக்குவீர்கள் என்று. பிளாஸ்டிக் தின்ன, சாக்கடை நாற்றத்தைப் போக்க, பரீட்சைத் தாளைத் தின்ன என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சில்லு கை தூக்கினாள்.

"டீச்சர்."

அம்மாவை அவள் டீச்சர் என்றதும் பக்கத்துப் பெண்கள் கிளுகிளுத்தார்கள். அவள் முறைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஐஸ் கம்பெனிக் குழாய்ல அமோனியா கசிஞ்சா ஆளுங்களுக்கு மூச்சு முட்டுது. மூக்குல ஏறுன பிறகுதான் தெரியுது. அதுக்கு முன்னாடியே நிறம் மாறிக் காட்டுற மாதிரி ஒண்ணு."

என் மனைவி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "மூடியை அங்க வெச்சிட்டுப் போங்க," என்றாள், யாரோ கடைக்காரரிடம் சொல்வது மாதிரி.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் சில்லுவின் வாய் ஓயவில்லை. தட்டில் முப்பத்தோரு புள்ளி, எல்லாம் பச்சை, திரைச்சீலையை இழுத்து மூடியதும் வகுப்பே கத்தியது என்றாள். அவித்த முட்டையை வெட்டாமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. தலைவலி, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாள்.

மழை முடிந்த பருவம். தெருவில் வீட்டுக்கு ஒரு காய்ச்சல். அவள் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். வெந்நீர், கஞ்சி, காய்ச்சல் மாத்திரை. மாத்திரை போட்டால் இறங்கும், நாலு மணி நேரத்தில் ஏறும். அந்த இரண்டு பிள்ளைகளும் திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்விட்டார்கள். சில்லு போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எழுந்து நின்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தரை ஆடுது," என்றாள். ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

என் அக்கா அங்கேயே வந்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். கடையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் கரி அப்பியபடி வந்தாள். சில்லுவை வளர்த்ததில் பாதி அவள்.

"என்னடா தம்பி, அஞ்சு நாளா வீட்டுல வெச்சு அழகு பாத்தீங்களா?"

"காய்ச்சல்தானேன்னு இருந்துட்டோம்க்கா."

"என்ன காய்ச்சல்? எங்கேருந்து வந்தது?" அக்கா என் மனைவி பக்கம் திரும்பினாள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கிருமி காட்டப் போனியே, சொந்தப் பிள்ளை கையிலயும் குடுத்தியா?"

"அண்ணி, அது ஒண்ணும் பண்ணாத கிருமி."

"ஒண்ணும் பண்ணாததைப் பெட்டியில பூட்டி ஏன் கொண்டுபோற? கையுறை ஏன் போட்டுக்கச் சொல்ற? நான் படிக்காதவ, எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு."

இதை ஓர் இளம் டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதையான பிள்ளை. எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லையோ, கண் சிவந்திருந்தது. "என்ன கிருமிம்மா? விவரமாச் சொல்லுங்க," என்றார்.

என் மனைவிக்குப் பொய் வராது. பாதி சொல்லவும் வராது. எல்லாவற்றையும் சொன்னாள். கிருமியின் பெயர், வளையம், தட்டு.

"எந்த மருந்து அதுக்குக் கேக்காது?"

"ஆம்பிசிலின் கேக்காது டாக்டர். அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

அவர் நோட்டில் எழுதினார். சில்லுவின் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அந்த அட்டையின் முதல் வரி இப்போதும் எனக்கு மனப்பாடம். 'ஆய்வுக்கூடக் கிருமி?' கேள்விக்குறிதான் போட்டிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்த அட்டையை எடுத்த ஒவ்வொருவரும் அந்த வரியைத்தான் முதலில் படித்தார்கள். படித்ததும் கட்டிலை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். நர்சுகள் கையுறையோடு வந்து, ஊசியைக் குழாயில் ஏற்றிவிட்டு, அரை நிமிடத்தில் வெளியேறினார்கள். அது குடல் கிருமி இனம் என்பதால், அவற்றுக்குக் கேட்கிற பெரிய மருந்தாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது.

மதியத்துக்குள் செய்தி பள்ளிக்குப் போய்விட்டது. தலைமையாசிரியை என் மனைவிக்கு போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்ததால் அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"நான் உங்களைக் குத்தம் சொல்லலைம்மா. ஆனா கேட்ல இருபது அம்மாமாருங்க நிக்கிறாங்க. எங்க பிள்ளைக்கும் வருமான்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல? உங்க பொட்டியை அறையில வெச்சுப் பூட்டி, கதவுல சீல் வெச்சிட்டேன்."

"மேடம், அந்தக் கிருமியால வராது."

"அதைக் காகிதத்துல குடுங்க."

டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். "அது இல்லைன்னு தெரிஞ்சா நான் வேற திசையில தேடலாம். ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கேன். எங்க லேப்ல மூணு நாள் ஆகும்."

"எங்க ஆய்வுக்கூடத்துல ஒரு ராத்திரி போதும் டாக்டர்," என்றாள் என் மனைவி. "ரத்தத்தை மருந்து கலந்த தட்டுல தடவி வெப்பேன். எங்க கிருமியா இருந்தா காலையில பச்சையா முளைக்கும். இல்லைன்னா வெறும் தட்டு."

டாக்டர் யோசித்துவிட்டு ஒரு சிறு குழாய் ரத்தம் கொடுத்தார். அவள் அதைச் சேலை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். நான் சில்லுவிடம் உட்கார்ந்தேன்.

துணியை நனைத்துத் துடையுங்கள் என்று நர்ஸ் வாசலிலிருந்தே சொன்னாள். துடைத்தேன். நெற்றி, கழுத்து, முழங்கை வரை, பாதம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அப்பன் துடைக்கக்கூடிய இடம் அவ்வளவுதான். தண்ணீர் அவள் தோலில் பட்டதும் காய்ந்தது.

"அப்பா, உங்க கம்பெனிக்கே என்னைத் தூக்கிட்டுப் போயிருங்க. தொட்டியில போட்டுடுங்க."

"போட்டா கட்டியாயிருவ."

"பரவாயில்ல. உப்புத் தண்ணியில உறையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"கேனுக்குள்ள போட்டா உறையும்டி."

"அப்ப கேன் வேணாம்," என்றாள். சிரிக்கப் பார்த்து இருமினாள். அந்த இருமல் புதிது.

புதன்கிழமை காலை என் மனைவி வந்தாள். வராந்தாவிலேயே நிறுத்தித் தட்டைக் காட்டினாள். வட்டமான, மூடிபோட்ட சிறு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே மங்கலான கூழ். அதில் ஒன்றும் முளைக்கவில்லை.

"இல்லைங்க. நம்ம பொட்டி இல்லை. வெறும் தட்டு. டாக்டர்கிட்டக் காட்டிட்டு, வேற பாக்கச் சொல்லலாம்."

நான் அப்போது கேட்ட கேள்வியை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அக்கா இரவெல்லாம் என் காதில் ஓதியிருந்தாள். சில்லு விடியற்காலையில் என்னைப் பார்த்து, மேஸ்திரி மாமா ஏன் இங்கே நிற்கிறார் என்று கேட்டிருந்தாள். நான் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்லைன்னா, கிருமி இல்லைன்னு அர்த்தமா? இல்ல, தட்டு கெட்டுப்போயிருந்தாலும் இப்படித்தான் இருக்குமா?"

அவள் என்னையே பார்த்தாள். பன்னிரண்டு வருடம் அவள் படித்த பாடத்தை நான் அவளிடமே திருப்பிக் கேட்டுவிட்டேன்.

"கெட்டுப்போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்," என்றாள் மெதுவாக.

"அப்ப உறுதியாச் சொல்ல முடியாதா?"

"கூடவே ஒத்துப் பாக்கிற தட்டு ஒண்ணு வெச்சிருக்கணும். வகுப்புல முளைச்சதை எடுத்து, இதே கூழ்ல, இதே சூட்டுல. அது முளைச்சு, இது முளைக்கலைன்னாத்தான் பேச்சு. நேத்து அவசரத்துல வெக்கலை." பிறகு, "எப்படி வெக்காம விட்டேன்?" என்றாள், என்னிடம் இல்லை.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். "பாத்தியா. அவளுக்கே தெரியல. இந்த வெறும் தட்டைத்தான் டாக்டர்கிட்ட நீட்டப் பாத்தா."

"அண்ணி, ஒரு நாள் குடுங்க."

"என்கிட்ட ஏன் கேக்குற? உள்ள கிடக்காளே, அவகிட்டக் கேளு."

அவள் உள்ளே போய்ச் சில்லுவின் தலையைத் தடவினாள். ஊசியின் வேகத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டு, மறுபடி பஸ் ஏறினாள். பள்ளிக்குப் போய், தலைமையாசிரியை முன்னால் அறையின் சீல் உடைத்து, வகுப்புத் தட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் ஆறு தட்டு ஊற்றினாள். மூன்றில் மிச்சமிருந்த ரத்தம், மூன்றில் வகுப்புக் கிருமி. பதினெட்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். இந்தத் தடவை யாரும் எதுவும் கேட்க இடமில்லாமல் இருபத்துநாலு மணி நேரம் வைத்தாள். அன்றிரவு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவியைவிடச் சுத்தமாக ஒரு வேலையை யாரும் செய்திருக்க முடியாது.

புதன் மாலை டாக்டர்கள் கூட்டமாக வந்தார்கள். அட்டையை எடுத்தார்கள், முதல் வரியைப் படித்தார்கள், என்னிடம் கேட்டார்கள்.

"அம்மா ரிசல்ட் வந்திருச்சா?"

"நாளைக்கு மதியம் சார்."

"சரி, பாப்போம்."

சில்லுவின் மூச்சு வேகமாகியிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, தட்டில் எத்தனை புள்ளி என்று கேட்டாள். முப்பத்தொன்று என்றேன். சரி என்று தலையாட்டினாள். வாத்தியார் மாதிரி.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் மனைவி வந்தாள். சாப்பிட்டிருக்கவில்லை, முகம் கழுவியிருக்கவில்லை. கையில் ஆறு தட்டு, நிலையத்தின் முத்திரை வைத்த காகிதம், ஒரு புற ஊதா டார்ச். டாக்டர் அறையில் விளக்கை அணைக்கச் சொல்லி அடித்துக் காட்டினாள். மூன்று தட்டு பச்சையாக எரிந்தது. மூன்று தட்டு கறுப்பு.

"சந்தேகமே இல்லை," என்றார் டாக்டர். "அது இல்லை."

அக்காவும் அங்கே நின்றாள்.

"அப்ப என்ன டாக்டர்?" என்றாள் என் மனைவி.

அவர் விளக்கைப் போட்டார்.

அது இல்லை என்று ஆனதும் தனி அறை தேவையில்லை என்றார்கள். பொது வார்டுக்கு மாற்றத் தலைமை நர்ஸ் வந்தாள். பருத்த உடம்பு, முட்டி வலியோடு நடப்பவள், கையுறை போடாமல் வந்த முதல் ஆள். "என்னம்மா இது, வந்த நாள்லேருந்து ஒரே துணியா? ஆம்பளைங்க வெளிய போங்க," என்று என்னைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்றேன். உள்ளே துணி மாற்றுகிற சத்தம். பிறகு நர்ஸின் குரல்.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"எது?" என் மனைவி.

"இடுப்புல. பாவாடை நாடா கட்டுற இடத்துல. இந்தக் கறுப்புப் பொருக்கு."

"தெரியலைங்க. நான் பாக்கலை," என்றாள் என் மனைவி.

நர்ஸ் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். போர்வையால் மூடி, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை மட்டும் காட்டினாள். சிகரெட்டால் சுட்டது போல் கறுத்து, சுற்றிலும் சிவந்த ஒரு வடு.

"வலிக்காது. அரிக்காது. பிள்ளைக்கே தெரிஞ்சிருக்காது," என்றாள் நர்ஸ். "இது உண்ணி கடிச்சது சார். கண்ணுக்குத் தெரியாத பொடி உண்ணி. பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுக் காய்ச்சல் அடிக்கும். சமீபத்துல புல்லு, புதர்னு எங்கயாவது நடந்தாளா?"

"நடந்தா," என்றேன்.

"எங்க?"

"எங்க கம்பெனிக்குப் பின்னாடி. ஐஸ் வாங்க."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவள் அந்த வடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஓடிவந்தார். பார்த்தார். அட்டையை எடுத்து முதல் வரியை அடித்தார். பேனா கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி அடித்தார். கீழே 'உண்ணிக் காய்ச்சல்' என்றும், அதற்குரிய மருந்தின் பெயரும் எழுதினார். அந்த மருந்தைக் கரைத்து, மூக்கு வழியே வயிற்றுக்குப் போட்ட குழாயில் ஊற்றினார்கள். "இது கேக்கும். பொதுவா ரெண்டே நாள்ல காய்ச்சல் விட்டுரும். ஆனா நுரையீரல்ல நீர் கோத்திருக்கு," என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், அக்காவிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சில்லு போய்விட்டாள். காய்ச்சல் அப்போது விட்டிருந்தது. நெற்றி என் கைக்குச் சாதாரணமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். சமைத்தாள், நாங்கள் சாப்பிடாததை எடுத்துப் போய்க் கொட்டினாள். ஒருநாள் என் மனைவியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, "என் வாயைத் தைச்சிருக்கணும்மா," என்றாள்.

"நீங்க கேட்டது தப்பில்ல அண்ணி. கேக்க வேண்டிய கேள்விதான்."

"அப்படிச் சொல்லாத. திட்டு. நாலு வார்த்தை திட்டிடு."

என் மனைவி திட்டவில்லை. யாரையும் திட்டவில்லை, என்னையும். இரவில் திடீரென்று, "ஆறு தட்டும் சரியா இருந்துச்சுங்க. ஒண்ணுகூடக் கெடலை," என்பாள். நான், "ஆமா," என்பேன். வேறென்ன சொல்வது. அந்தத் தட்டுகளுக்காக அவளைத் திரும்ப அனுப்பியவன் நான். நான் கேட்காமலிருந்தால் அவள் புதன்கிழமை அங்கே இருந்திருப்பாள். ஒரு தடவையாவது துணி மாற்றியிருப்பாள். இதை அவளிடம் ஒரு முறை சொன்னேன். "நீங்க கேக்கலைன்னா நானே கேட்டிருப்பேன்," என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, உண்மையா, தெரியவில்லை. அவளுக்குப் பொய் வராது என்று முன்பு எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெற்றோர்கள் இன்னும் பயந்துகொண்டிருக்கிறார்கள், உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதி என்றார். கேட்கக் கூடாதுதான், ஆனால் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி, "வரேன் மேடம்," என்றாள்.

அதே வகுப்பறை. பெஞ்சுகளில் அம்மாமார்கள் இடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் காகிதத்தைப் படித்தாள். கிருமியின் பெயர், தட்டின் எண்ணிக்கை, எத்தனை மணி நேரம், என்ன முளைத்தது, என்ன முளைக்கவில்லை. குரல் நடுங்கவில்லை. படித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. அப்ப எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாதுங்க," என்றாள் என் மனைவி. "ஒண்ணும் ஆகாது."

அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லாரும் எழுந்து போனார்கள். சிலர் போகும்போது அவள் தோளைத் தொட்டார்கள். பெட்டி இருந்த அறையின் சீல் முத்திரையை அன்றே எடுத்துவிட்டார்கள். அவள் திரும்பவும் பள்ளிகளுக்குப் போகிறாள். ஐஸ் இப்போது நிலையத்திலிருந்தே வருகிறது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், தெருமுனை மருந்துக் கடையில் சைக்கிளை நிறுத்தினேன். சில்லுவின் கட்டில் அட்டையில் டாக்டர் கடைசியாக எழுதிய மருந்தின் பெயரைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் கை நீட்டி ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பிறகுதான் போனைக் கீழே வைத்தார்.

"வீட்டுல வயசுப் பிள்ளை இருக்கா? முகப்பருவுக்கு நிறையப் பேர் வாங்குறாங்க."

"இது எப்பவும் இருக்குமா?"

"இதுவா? நான் கடை போட்ட நாள்லேருந்து தீர்ந்ததே இல்லையே."

வேண்டாம் என்றேன். அவர் அதை எடுத்து, பார்க்காமலே, இருந்த இடத்தில் வைத்தார். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும். இரண்டாவது அடுக்கு, வலது ஓரம்.